பதினோராவது நிமிடத்தில் அணையும் பெட்டி

லிஃப்டுகளைச் சோதிப்பது அவருடைய வேலை. இருபத்தாறு வருடமாக அந்த வேலையில் இருக்கிறவர் லிஃப்டில் ஏறவே மாட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. அது அபாண்டம். அவர் ஏறுவார். தானே சோதித்து, தானே கையெழுத்துப் போட்டு, அந்த மை காய்வதற்குள் என்றால் தாராளமாக ஏறுவார். மற்ற நேரங்களில் படிக்கட்டு. குடியிருந்ததும் லிஃப்டே இல்லாத ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில்.

கட்டட மேனேஜர்கள் அவருக்கு 'சீல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். முகத்துக்கு நேரே 'சார்'. அவர் வாசலில் பைக்கை நிறுத்தும்போதே 'சீல் வந்தாச்சு' என்று உள்ளே போன் பறக்கும். எட்டு மாடி அலுவலகம் ஒன்றில் ஒரு மேனேஜர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட கதையை அந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் அறிவார்கள்.

"நேத்து நடுவுல நின்னுச்சு சார். அப்புறம் தானா சரியாயிடுச்சு."

"தானா கோவிச்சுக்கிட்டு தானா சமாதானம் ஆகுறதுக்கு அது என்ன உங்க வீட்டு மாப்பிள்ளையா?" என்று கேட்டார் சீல். "காரணம் தெரியாம ஓட்டக்கூடாது. யார் பொறுப்புன்னு எழுதாம ஓட்டவே கூடாது."

நான்கு நாட்கள் அந்த லிஃப்ட் பூட்டிக் கிடந்தது. முந்நூறு பேர் எட்டு மாடி ஏறினார்கள். ஒருவர் ஐந்தாம் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்து ராஜினாமாக் கடிதம் எழுதினார் என்றும் கேள்வி. கடைசியில் கதவு இடுக்கில் ஒரு சட்டைப் பொத்தான் அகப்பட்டது. பொத்தானுக்குச் சொந்தக்காரர் யார் என்பதைக் கண்டுபிடிக்க சீல் இன்னும் ஒரு நாள் எடுத்துக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு, உச்சி குளிர வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். மனைவி அப்போது வேறு யாருடைய சட்டைக்கோ பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். "ரொம்ப சந்தோஷம்" என்றாள்.

அவள் துணி திருத்தும் தையல்காரி. பெருத்தவர்களுக்குப் பிரித்துக்கொடுப்பாள், இளைத்தவர்களுக்குப் பிடித்துக்கொடுப்பாள். வேலை நடக்கிற இடம் படுக்கையறை. தையல் மெஷினுக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகலாம். கட்டிலின் பாதியில் அடுத்தவர்களின் பேண்ட்டுகள் படுத்திருக்கும். சீல் மீதிப் பாதியில் படுப்பார். போர்வையை உதறாமல் படுத்தால் குண்டூசி குத்தும். உதறினால் காணாமல் போன குண்டூசிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

இத்தனைக்கும் அந்த வீட்டில் இன்னொரு அறை இருந்தது. ஜன்னல் உள்ள அறை. நல்ல வெளிச்சம். அந்த வெளிச்சத்தைக் கனத்த திரை போட்டு மூடி, அதற்குத் தியேட்டர் என்று பெயர் வைத்திருந்தார் சீல். சுவரில் பெரிய டி.வி. நான்கு மூலைக்கு நான்கு ஸ்பீக்கர், நடுவில் ஒன்று, தரையில் குமுறுவதற்கு ஒன்று. சத்தத்தை வாங்கி அத்தனைக்கும் பங்குபோட்டுக் கொடுக்க ஒரு கறுப்பு ரிசீவர். வீட்டில் அதை 'பொட்டி' என்பார்கள்.

ஒன்பது வருடமாகப் பொட்டி ஒழுங்காகத்தான் இருந்தது. அந்த மழைக்காலத்தில் ஒரு நாள், படம் ஓடிக்கொண்டிருக்கும்போது 'டக்' என்று அணைந்தது. முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு மட்டும் கண்ணைச் சிமிட்டியது.

இன்னொருவராக இருந்தால் பொட்டியை ஒரு தட்டு தட்டியிருப்பார். சீல் எழுந்துபோய்ப் புது நோட்டு ஒன்றை எடுத்து வந்தார். கோடு போட்டார். தேதி, நேரம், ஓடிய நிமிடம், குறை, காரணம், பொறுப்பாளர். முதல் வரியில் 'ஓடிய நிமிடம்: எழுபது' என்று எழுதினார். பிறகு எல்லா ஒயர்களையும் கழற்றி மாட்டி, இழுத்துப் பார்த்து, ஆபீஸ் பையிலிருந்து ஒரு ஸ்டிக்கரை எடுத்தார். 'பரிசோதிக்கப்பட்டது' என்று பச்சை எழுத்தில் அச்சிட்ட, உள்ளங்கை அகல ஸ்டிக்கர். லிஃப்டுக்குள் ஒட்டுவது. தடித்த பிளாஸ்டிக், ஒட்டினால் ஒட்டினதுதான். தேதியும் கையெழுத்தும் போட்டுப் பொட்டியின் தலையில் ஒட்டினார். ஏற்கெனவே அங்கே ஒன்பது இருந்தன. வருடத்துக்கு ஒன்று. எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்ட வேண்டும் என்பது விதி.

அடுத்த சனிக்கிழமை நாற்பத்தைந்து நிமிடத்தில் அணைந்தது. மறுபடி சோதனை, மறுபடி ஸ்டிக்கர். அதற்கடுத்த முறை முப்பது. பிறகு இருபது. ஒவ்வொரு தடவையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சோதித்தார். சோதிக்கச் சோதிக்கப் பொட்டியின் ஆயுள் குறைந்துகொண்டே வந்தது. 'குறை முற்றுகிறது' என்று நோட்டில் எழுதினார். கடைசியில் பதினோரு நிமிடத்தில் வந்து நின்றது. மணி அடித்தாற்போல் பதினோராவது நிமிடத்தில் 'டக்'. இருபது நிமிடம் சும்மா விட்டால் மறுபடி உயிர் வரும். மறுபடி பதினொன்று.

விசாரணை தொடங்கியது. மனைவியின் இஸ்திரிப் பெட்டிதான் முதல் குற்றவாளி.

"நீ அயர்ன் போடும்போதுதான் அணையுது."

"நான் அயர்ன் போடாத நேரம் எதுங்க? காலையில இருந்து அதைத்தானே போடுறேன்."

"அதான் சொல்றேன். தொடர்ச்சியான தொந்தரவு."

ஒரு நாள் முழுக்க இஸ்திரி நிறுத்தப்பட்டது. கல்யாணத்துக்குக் கொடுக்க வேண்டிய கோட்டு ஒன்று கசங்கியே போயிற்று. பொட்டி பதினோராவது நிமிடத்தில் அணைந்தது. குற்றவாளி விடுதலையானது, மனைவியிடம் மன்னிப்பு எதுவும் கேட்கப்படவில்லை.

அடுத்த குற்றவாளி மச்சான். மனைவியின் தம்பி. போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். உலகத்தில் எது கெட்டாலும் 'ரீசெட் பண்ணுங்க' என்பான். வயிற்றுவலி என்று வந்த ஒரு நண்பனிடமும் அதையே சொன்னான் என்பார்கள்.

"ரீசெட் பண்ணீங்களா மாமா?"

"பண்ணினேன்."

"முழுசா?"

"முழுசா. நீ போன மாசம் வந்தப்ப ரிமோட்டைத் தொட்டியா?"

"சவுண்டு கூட்டினேன்."

"எவ்வளவு?"

"கேக்குற அளவுக்கு." அவன் பொட்டிப் பக்கம் குனிந்தான். "ஒருவேளை சூடாகுதோ மாமா?"

சீல் சிரித்தார். மற்றவர்களுக்குப் பயிற்சி வகுப்பில் மோட்டார் சூடு பற்றிப் பாடம் எடுக்கிறவர் அவர். நோட்டைத் திறந்து ஒரு பக்கத்தைக் காட்டினார். லிஃப்ட் சோதனைப் படிவத்தில் 'மெஷின் அறையின் வெப்பநிலை' என்று ஒரு கட்டம் உண்டு. அதன்படி சுவரில் தெர்மாமீட்டர் மாட்டி, ஐந்து நாள் அளந்திருந்தார். "இருபத்தேழு டிகிரி. அஞ்சு நாளும் இருபத்தேழு. இதுல எங்கடா சூடு?"

பொட்டியின் வெப்பநிலைக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததை அளக்கிற பழக்கம் அவருக்கும் இல்லை.

மச்சான் பார்வையால் அக்காவிடம் சரணடைந்தான். அவள் வாசற்படியில் நின்று பல்லில் நூலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு பேச்சு பேசிக்கலாம்" என்றாள். "வர்ற ஞாயித்துக்கிழமை சாயந்திரம் ஒரு முழுப் படம். முழுசா ஓடணும். ஓடிச்சுன்னா அந்த ரூம் உங்களுது, நான் இனிமே வாயைத் திறக்கல. அணைஞ்சதுன்னா மெஷினைத் தூக்கி அங்க போட்டுடுவேன். வெளிச்சமே இல்லாம கண்ணு போகுது எனக்கு. நேத்து கறுப்பு பேண்ட்டுக்கு நீல நூல் போட்டிருக்கேன்."

"ஆறு நாள்ல காரணம் கண்டுபிடிக்கணுமா?"

"எட்டு மாடிக்கே அஞ்சு நாள்தானே ஆச்சு?"

மச்சான் நடுவராக இருக்கச் சம்மதித்தான். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை வேறு வேலை இல்லை.

அந்த ஆறு நாட்களும் சீல் ஆபீசில் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. நடுவில் நின்ற ஒரு லிஃப்டைப் பற்றி ஒரு மேனேஜர் 'தானா' என்று ஆரம்பித்தபோதுகூடப் பேசாமல் கேட்டுக்கொண்டார். மேனேஜர் பயந்துபோய், தானே போய்ப் படிக்கட்டுக் கதவைத் திறந்துவைத்தார். வீட்டில் சீல் ஒவ்வொரு ஸ்பீக்கராகக் கழற்றி மாட்டிப் பார்த்தார். பிளக்கை மாற்றினார். அடுத்த வீட்டு பிளக்கிலிருந்து நீளமான ஒயர் இழுத்துக் கொடுத்துப் பார்த்தார். அந்த வீட்டுக்காரர் தடுக்கி விழப் பார்த்தார், அவ்வளவுதான். பதினொன்று, பதினொன்று, பதினொன்று. அந்த அறை போய்விட்டால் உலகத்தில் தனக்கென்று கதவைச் சாத்திக்கொள்ள ஓர் இடம் இருக்காது என்ற நினைப்பு அவரை ஒட்டிக்கொண்டே வந்தது. அறை போனால் கட்டிலில் பாதிதான். அந்தப் பாதியிலும் குண்டூசி.

சனிக்கிழமை மத்தியானம் மனைவி துணி கொடுக்கப் போயிருந்தாள். சீல் கடைசியாக ஒரு முறை எல்லா இணைப்பையும் சோதித்தார். குறை எதுவும் தெரியவில்லை. விதிப்படி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, பின்பக்கத் தாளை உரித்து, பொட்டியின் தலைக்கு மேல் பிடித்தார்.

ஒட்ட இடமில்லை.

பதினாலு ஸ்டிக்கர்கள். தரைக்கு ஓடு பதித்த மாதிரி, வரிசை பிசகாமல், இடுக்கில்லாமல் ஒட்டியிருந்தார். அப்படி ஒட்டியதில் ஒரு சின்னப் பெருமையும் உண்டு. ஓரத்தில் எங்காவது கால் அங்குலம் கிடைக்குமா என்று விரலால் தடவினார். விரலுக்கடியில் ஸ்டிக்கர் சின்னச் சின்னக் குழியாக அமுங்கியது. இன்னொன்றைத் தடவினார். அங்கேயும் குழி. வரிசை வரிசையாகக் குழி.

தொழிற்சாலைக்காரன் அந்தப் பொட்டியின் தலை முழுக்கத் துளை போட்டிருந்தான். உள்ளே இருக்கிற சூடு வெளியே போக, மெனக்கெட்டு, நானூறு ஐந்நூறு துளை. சீல் அவற்றை ஒன்பது வருடமாகக் கையெழுத்துப் போட்டு அடைத்துக்கொண்டு வந்திருந்தார். ஒன்பதாவது கையெழுத்தில் மூச்சு முட்டத் தொடங்கி, கடைசி ஐந்தில் முற்றியிருக்கிறது.

ஸ்டிக்கரைக் கையில் வைத்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். ஒட்டுகிற பக்கம் அவர் முட்டியில் ஒட்டிக்கொண்டது. அதைக் கவனிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பிறகு எழுந்து போய் மனைவியின் தையல் பிரிக்கும் ஊசியைத் திருடினார். ஒரு மணி நேரம் சுரண்டினார். சுரண்டின துண்டுகளை எண்ணி ஒரு பையில் போட்டார். போடுகிற அவசரத்தில் சில அவர் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டு, ஊசியைத் திரும்ப வைக்கப் போனபோது படுக்கையறை வரை போயின. பொட்டியை ஓட விட்டார். பதினோரு நிமிடம் ஓடியது. இருபது ஓடியது. ஒரு மணி, இரண்டு மணி. டி.வி.யில் என்ன ஓடியது என்று அவருக்குத் தெரியாது. துளைகளின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இதமான சூடு, நிம்மதியாக மூச்சு விடுகிற மாதிரி, மேலே வந்துகொண்டிருந்தது.

நோட்டை எடுத்தார். காரணம் என்ற கட்டத்தில் 'காற்றோட்டம் தடைபட்டிருந்தது' என்று எழுதினார். யார் தடை செய்தார்கள் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. 'தடை நீக்கப்பட்டது' என்று அடுத்த வரி. நீக்கியவரும் இல்லை. எல்லாம் அதுவாக நடந்திருந்தது. பொறுப்பாளர் என்ற கட்டத்தின் மேல் பேனாவைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தார். பிறகு மூடியைப் போட்டார். இருபத்தாறு வருடத்தில் அவர் காலியாக விட்ட முதல் கட்டம் அது.

மனைவி வந்ததும் கேட்டாள். "என்ன ஆச்சு பொட்டி?"

"சரியாயிடுச்சு."

"எப்படி?"

சீல் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "தானாதான்."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் மச்சான் நடுவர் தோரணையில் வந்து நடு நாற்காலியைப் பிடித்துக்கொண்டான். மனைவி மடியில் ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு பொத்தானுக்குக் காஜா எடுத்தபடி உட்கார்ந்தாள். துறைமுகத்தில் காணாமல் போன அண்ணனைத் தேடி ஒரு பெண் அலைகிற படம். மச்சான் கொண்டு வந்தது. சீல் திரையைப் பார்க்கவில்லை. பொட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒரு கையைத் துளைகளின் மேலும் ஒரு கண்ணை முகப்பு விளக்கின் மேலும் வைத்திருந்தார். பதினோராவது நிமிடம் வந்தபோது மச்சான்கூட மூச்சைப் பிடித்தான். நிமிடம் வந்தது, போனது. திரையில் அந்தப் பெண் ஒரு கப்பலுக்குள் ஏறினாள், இறங்கினாள், யாரையோ அறைந்தாள், மழையில் அழுதாள். மனைவியின் ஊசி அப்படியே நின்றுவிட்டது. மச்சான் இரண்டு தடவை மூக்கை உறிஞ்சினான். சீல் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் முடிந்தது. பெயர்கள் ஓடின. சீல் துள்ளி எழுந்தார். எழுந்த வேகத்தில் கால் மரத்துப்போய் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு மணி பதினாலு நிமிஷம்! ஒரு சிமிட்டு? ஒரு டக்? சொல்லுடா!"

"மாமா ஜெயிச்சார்" என்றான் நடுவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"படம் எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டாள் மனைவி.

"சத்தம் கண்ணாடி மாதிரி."

"படங்க."

"நல்லாத்தான் இருந்துச்சு."

"அந்த அண்ணன்காரன் செஞ்சது சரியா? நீங்களா இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

சீல் மச்சானைப் பார்த்தார். மச்சான் உதவிக்கு வரவில்லை. "எந்த அண்ணன்?" என்றார்.

"மாமா! ரெண்டு மணி நேரமா அவனைத்தான் எல்லாரும் தேடினாங்க!"

"சரி, அதை விடுங்க" என்றாள் மனைவி. "இந்த ரூம்ல ஒம்பது வருஷமா உக்காந்திருக்கீங்க. கடைசி வரைக்கும் பாத்த படம் ஒண்ணு சொல்லுங்க."

அவர் யோசித்தார். ஒரு ஹெலிகாப்டர் ஞாபகம் வந்தது. பின்பக்க இடது ஸ்பீக்கரில் கிளம்பி முன்பக்க வலது ஸ்பீக்கரில் இறங்கும். அதை முந்நூறு தடவையாவது கேட்டிருப்பார். அதற்குள் யார் இருந்தார்கள், எங்கே போனார்கள் என்று தெரியாது. ஒரு கண்ணாடி உடையும். நடு ஸ்பீக்கருக்கு நல்ல சோதனை. யார் வீட்டுக் கண்ணாடி? தெரியாது.

மனைவி சட்டைக்கு அடியிலிருந்து ஒரு கறுப்பு பேண்ட்டை எடுத்து விரித்தாள். பின்புறத்தில், உட்காருகிற இடத்தில், ஒரு பிளாஸ்டிக் துண்டு ஒட்டியிருந்தது. பச்சை எழுத்தில் 'சோதிக்கப்' என்று பாதி வார்த்தை.

"வாத்தியாரோட பேண்ட்டு" என்றாள். "இதோட அவர் பள்ளிக்கூடம் போயிருந்தா எப்படி இருந்திருக்கும்? நேத்தே பாத்துட்டேன். பொட்டித் தலையையும் பாத்தேன். ஒரு ஸ்டிக்கர்கூட இல்ல, ஒரே துளை."

மச்சான் பேண்ட்டைப் பார்த்தான், பொட்டியைப் பார்த்தான். ரொம்ப நிதானமாக அவனுக்குப் புரிந்தது. புரிந்ததும் நாற்காலியிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்து சிரித்தான். சிரிப்பு நின்று, மறுபடி ஆரம்பித்தது.

"நான்தான்" என்றார் சீல். குரல் ஆபீஸ் குரலாக இல்லை. "நான் ஒட்டினதுதான்."

"அது கிடக்கட்டும். பேச்சு பேச்சுதான். ஓடிச்சு, ரூம் உங்களுது." பேண்ட்டை மடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் படுக்கையறையிலிருந்து தையல் மெஷின் சத்தம் கேட்டது. தம்பி அங்கே போய் உட்கார்ந்துகொண்டான். படத்தைப் பற்றி இருவரும் பேசினார்கள். அண்ணன்காரன் அப்படிச் செய்திருக்கக் கூடாது என்றான் அவன். வேறு வழி இல்லை என்றாள் அவள்.

ஜெயித்தவர் தனியாக இருந்தார். கதவைச் சாத்திக்கொண்டார். அண்ணன் என்னதான் செய்தான் என்று பார்த்துவிடுவோம் என்று படத்தை முதலிலிருந்து போட்டார். கடல். ஒரு பெண் நடந்து வந்தாள். நல்ல முகம். அவள் எதையோ சொல்லும்போது இடதுபக்க ஸ்பீக்கரில் லேசாக ஓர் இரைச்சல் இருப்பதாகத் தோன்றியது. கிட்டே போய்க் காதை வைத்தார். அலைச் சத்தம்தான். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அந்தப் பெண் வேறு ஊரில், வேறு உடையில், அழுதுகொண்டிருந்தாள். ஏன் என்று கேட்க ஆளில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருவருக்கும் தெரியும்.

படத்தை நிறுத்திவிட்டு எழுந்துபோய்ப் படுக்கையறைக் கதவில் நின்றார்.

"அந்த ரூம்ல மேற்கு வெயில் வரும்" என்றார். "சாயந்திரம் கண்ணைக் கூசும். உனக்குச் சரிப்படாது."

மனைவி மெஷினை நிறுத்தினாள்.

"திரையைப் பாதி இழுத்துவிட்டா தாங்கலாம்" என்றார். "தரையில வேற ஒரு பக்கம் பள்ளம். மெஷின் ஆடும். அட்டை வைக்கணும்."

"வைக்கலாமே."

"ஸ்பீக்கரை எல்லாம் மேல ஏத்தினா இடம் கிடைக்கும். ஒரு மூலையில நாற்காலி ஒண்ணு இருக்கட்டும். படம் போட்டா நானும் பாப்பேன். சும்மா சொல்லிவைக்கிறேன்."

"கதை புரியலன்னா நடுவுல கேக்கக்கூடாது."

"கேப்பேன்."

அவள் கழுத்தில் தொங்கின அளவு டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்து தியேட்டருக்கு வந்தாள். தம்பியை விளக்கைப் போடச் சொன்னாள். சீல் ஜன்னல் பக்கம் டேப்பின் நுனியைப் பிடித்தார். அவள் எதிர்ச்சுவர் வரை இழுத்துக்கொண்டு போனாள்.

"சுவரோட ஒட்டிப் பிடிங்க. தொங்க விடாதீங்க."

"ஒட்டித்தான் பிடிச்சிருக்கேன். எவ்வளவு?"

"ஒம்பதடி நாலு அங்குலம்."

"இரு, இன்னொரு தடவை பாத்துடலாம்."

அதற்குள் அவள் சாக்குக்கட்டியால் சுவரில் எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டுவிட்டிருந்தாள்.